லண்டன் டிரைவிங் டெஸ்ட், நம்ம ஊர் தட்கல்: குற்றவாளி 'பாட்' மட்டும்தானா?

பிரிட்டனில் கார் டிரைவிங் டெஸ்ட்டுக்கான புதிய தேதிகள் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு இணையத்தில் திறக்கப்படுகின்றன. லண்டனில் கார் ஓட்டப் பழகும் எல்லோருக்கும் இந்த நேரம் மனப்பாடம். அலாரம் வைத்து எழுந்து, வரிசையில் காத்திருந்து, தளத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: இடம் இல்லை. ஆனால் அதே தேதி, அதே டெஸ்ட் சென்டர், கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலைக்கு வந்து நிற்கும்.

வார நாட்களில் டெஸ்ட் கட்டணம் 62 பவுண்ட். மாலை, வார இறுதி என்றால் 75 பவுண்ட். வெளிச்சந்தையில் 500 பவுண்ட் வரை விலை போகிறது என்று 2025 டிசம்பரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே அறிக்கையில் சொன்னது. கோவிட்டுக்கு முன்பு, 2020 பிப்ரவரியில், சராசரியாக 5 வாரம் காத்திருந்தால் போதும். 2025 செப்டம்பரில் அது ஏறக்குறைய 22 வாரம்.

இதற்குக் காரணம் யார் என்று கேட்டால், அரசு முதல் பத்திரிகைகள் வரை எல்லோரும் சொல்லும் பதில், 'பாட்'. மனிதனுக்குப் பதிலாக இணையதளத்தைத் திறந்து, தேடி, சொடுக்கி, பதிவு செய்துவிடும் தானியங்கி நிரல். அந்த மாதிரி நிரல்களை எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. ஸ்லாட் பிடிப்பதற்கு அல்ல, மென்பொருளைச் சோதிப்பதற்கு. கருவி இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால்தான் இந்த 'பாட் ஒழிப்பு' பேச்சைக் கேட்கும்போது, பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது.

கருவியின் கதை

2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ், தான் உருவாக்கிய இணைய மென்பொருளை ஒவ்வொரு முறையும் கையால் சோதித்து அலுத்துப்போய் ஒரு கருவி எழுதினார். பெயர் செலினியம். அன்றைக்கு இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் மெர்க்குரி. பாதரச நஞ்சுக்கு செலினியம் மருந்து என்ற கிண்டலில் வைத்த பெயர் அது. சைமன் ஸ்டீவர்ட் என்ற பொறியாளர் தனியாக 'வெப்டிரைவர்' என்ற இன்னொரு கருவியை எழுதினார். இரண்டும் ஒன்றாகி, 2011 ஜூலையில் செலினியம் 2 வெளிவந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர் உலகளாவிய இணையத் தரநிலையாகவே ஆனது. இன்றைக்கு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் பணம் அனுப்பும் வங்கித் தளம், டிக்கெட் எடுக்கும் தளம், இந்தச் செய்தியைப் படிக்கும் தளம் எதையும் நம்பி வெளியிட முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான சோதனைகளை இரவோடு இரவாக ஓட்டிப் பார்ப்பது இந்தக் கருவிகள்தான். சென்னை ஓஎம்ஆரிலும் பெங்களூரிலும் லட்சக்கணக்கான இளைஞர்களின் சம்பளத்துக்குப் பின்னால் 'ஆட்டோமேஷன் டெஸ்டிங்' இருக்கிறது.

செலினியத்தை நேரடியாகப் பயன்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். பக்கத்தில் உள்ள பொத்தானின் உள்முகவரியைத் தேடிப்பிடிக்க வேண்டும். பக்கம் முழுதாக வருவதற்குள் சொடுக்கினால் நிரல் விழுந்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் நாமே எழுத வேண்டும். இந்தத் தலைவலிக்காகத்தான் 'உதவி நூலகங்கள்' வந்தன. பைத்தானில் ஹீலியம் என்று ஒன்று உண்டு. செலினியத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, 'இந்தப் பெயரை இந்தப் பெட்டியில் எழுது', 'உள்நுழை என்ற பொத்தானை அழுத்து' என்று மனிதர் பேசுவதுபோல எழுத விடும். காத்திருப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். 2017-ல் கூகுளின் பப்பட்டியர், 2020-ல் மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் என்று வரிசையாக வந்து, வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. அனைத்தும் இலவசம்.

விளைவு என்ன? முன்பு தேர்ந்த பொறியாளர் ஒரு வாரம் உட்கார்ந்து செய்ததை, இன்று கல்லூரி மாணவர் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுவார். 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட 'ஆபரேட்டர்' போன்ற ஏஐ கருவிகளுக்கு நிரலே எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும். இதைத் தடை செய்து நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பூதம் குடத்தை விட்டு வெளியே வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

புரோக்கர் எப்படி உள்ளே வந்தார்?

டிரைவிங் டெஸ்ட்டை நடத்துவது டிவிஎஸ்ஏ என்ற அரசு முகமை. 24 வாரம் முன்னால் வரைதான் பதிவு செய்ய முடியும். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் எந்த நேரத்திலும் தளத்தில் தோன்றும். மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்க முடியும்? பத்து முறை, இருபது முறை. நிரல் தூங்காது, சலிக்காது. சில நொடிகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும். இடம் தெரிந்த மறுகணம் பிடித்துவிடும்.

இதில் முக்கியமான இன்னொரு ஓட்டை இருந்தது. பயிற்சியாளர்கள் தங்கள் மாணவர்களுக்காகப் பதிவு செய்து, பிறகு ஒரு மாணவரின் தேதியை இன்னொருவருக்கு மாற்றிக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தில் வைத்த வசதிதான். மாணவர் தயாராக இல்லையென்றால் அந்த இடம் வீணாகக் கூடாதே. ஆனால் பெயரை மாற்றலாம் என்றால் அந்த இடத்தைப் பண்டமாக விற்கலாம் என்றுதானே அர்த்தம்? ஒருவர் லைசென்ஸ் எண்ணில் பிடித்து வைத்து, காசு கொடுத்தவர் எண்ணுக்கு மாற்றினார்கள். புரோக்கருக்கு வேகத்தைத் தந்தது பாட். அந்த வேகம் காசாக மாறியது விதியால்.

இதை அரசும் தாமதமாகப் புரிந்துகொண்டது. 2025 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹெய்டி அலெக்சாண்டர் அறிவித்தார்: 2026 வசந்த காலத்திலிருந்து டெஸ்ட் எழுதுபவர் மட்டுமே தனக்குப் பதிவு செய்ய முடியும், தேதி, இடம் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு வரும். ராணுவத்திலிருந்து 36 தேர்வாளர்களையும் கடனாகக் கொண்டுவருவார்கள். நல்ல முடிவுகள்தான். ஆனால் திங்கட்கிழமை காலை 6 மணி பந்தயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

யார் தலையில் விடிகிறது?

'கார் ஓட்டுவதில் என்ன அவசரம், லண்டனில்தான் டியூப் இருக்கிறதே' என்று கேட்கலாம். நம்மவர்கள் பலருக்கு அப்படி இல்லை.

இந்திய லைசென்ஸோ இலங்கை லைசென்ஸோ வைத்திருப்பவர், பிரிட்டனில் குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் அதை வைத்து ஓட்டலாம். அதன் பிறகு இங்கே தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸ் செய்தாக வேண்டும். ஊரில் பதினைந்து வருஷம் ஓட்டியவராக இருந்தாலும், பிராவிஷனல் லைசென்ஸ் எடுத்து, வண்டியில் 'எல்' ஒட்டி, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரை உட்காரவைத்துத்தான் ஓட்ட முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மதுரைப் பக்கம், நர்சிங் படித்தவர். இங்கே வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. காலை 7 மணிக்கு முதல் வீடு. பஸ் மாறி மாறிப் போனால் ஒரு நாளைக்கு ஐந்து வீடு, கார் இருந்தால் ஒன்பது வீடு. சம்பளம் பார்த்த வீட்டுக்குத்தான், பஸ் ஸ்டாப்பில் நின்ற நேரத்துக்கு இல்லை. இப்படிப்பட்டவருக்கு ஆறு மாதக் காத்திருப்பு என்பது கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய நஷ்டம். அதனால்தான் 62 பவுண்ட் விஷயத்துக்கு 250, 300 கொடுக்கவும் தயாராகிறார்கள். அது பேராசை இல்லை, வேற வழியில்லாத கணக்கு.

தியரி தேர்வுச் சான்றிதழ் 2 வருஷம்தான் செல்லும். அதற்குள் பிராக்டிகல் பாஸ் செய்யாவிட்டால் மறுபடியும் 23 பவுண்ட் கட்டி எழுத வேண்டும். பிராக்டிகலில் பாதிப் பேருக்கு மேல் முதல் முறை தேறுவதில்லை. ஒருமுறை தோற்றால் மீண்டும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். 2014 ஏப்ரல் வரை தியரி தேர்வைத் தமிழிலும் கேட்டு எழுத முடிந்தது. 19 வெளிநாட்டு மொழிகளில் இருந்த அந்த ஒலிவசதியை அப்போது நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் நம் அம்மாக்களுக்கு அது முதல் தடை. இந்த ஆன்லைன் ஓட்டப்பந்தயம் அடுத்த தடை.

தட்கல் சொல்லும் பாடம்

இந்தக் கதை தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதில்லை. காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். தட்கல் திறந்து கேப்ட்சா எழுத்துக்களைத் தட்டி முடிப்பதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். தெருமுனை ஏஜென்ட்டிடம் மட்டும் டிக்கெட் இருக்கும்.

2017 டிசம்பரில் சிபிஐ ஒருவரைக் கைது செய்தது. தட்கல் டிக்கெட்டை நொடிகளில் பிடிக்கும் 'நியோ' என்ற மென்பொருளை எழுதி ஏஜென்ட்களுக்கு வாடகைக்கு விட்டவர். அவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? சிபிஐயிலேயே உதவி புரோகிராமர். அதற்கு முன்பு ஐஆர்சிடிசியில் இருந்தவர். ஏழரை வருஷம் கழித்து, 2025 ஜூனில் ரயில்வே தந்த புள்ளிவிவரம்: தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடத்தில் உள்நுழையும் முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட். சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகளை முடக்கியிருக்கிறார்கள்.

ஒருவரைக் கைது செய்தால் தீரும் பிரச்சினையாக இருந்திருந்தால் 2017-லேயே தீர்ந்திருக்கும்.

பிறகுதான் விதியில் கைவைத்தார்கள். 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், ஜூலை 15 முதல் ஓடிபி. ஏஜென்ட்கள் முதல் அரை மணி நேரம் தட்கல் எடுக்கக் கூடாது. சட்டத்திலும் தெளிவு வந்தது. அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதை 1989 ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவு குற்றமாக்குகிறது. அது ஆன்லைன் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் நிலைமை வேடிக்கையானது. வரம்புக்கு மேல் டிக்கெட்டை பாட் வைத்து வாங்குவது 2018 ஜூலை முதல் இங்கே குற்றம். வரம்பில்லாத அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்த விதி பொழுதுபோக்கு, விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான். பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் பிடித்தால் குற்றம். ஒருவருடைய பிழைப்புக்கான டிரைவிங் டெஸ்ட்டைப் பிடித்தால் அந்தச் சட்டம் வாயே திறக்காது. நாடாளுமன்றம் நினைத்தால் இதை விரிவாக்குவது பெரிய வேலை இல்லை.

எல்லா பாட்டும் திருடன் இல்லை

இதற்காக, 'தானியங்கி என்றாலே தடை' என்று போனால் இன்னொரு தவறு நடக்கும். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 18 முதல் 44 வயதுள்ளவர்களுக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது கோவின் தளத்தில் இடம் கிடைக்காமல் நாடே அலைந்தது. அப்போது சென்னையைச் சேர்ந்த ஒரு நிரலாளர், எங்கே இடம் காலியாகிறது என்று பார்த்து டெலிகிராமில் எச்சரிக்கை அனுப்பும் சேவையை இலவசமாக நடத்தினார். பெரும் கூட்டம் அதைப் பயன்படுத்தியது. அவர் யாருடைய இடத்தையும் பிடித்து வைக்கவில்லை. தகவலைத்தான் சொன்னார்.

ஆனால் அதே நேரத்தில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. லேப்டாப், ஆங்கிலம், டெலிகிராம் இருந்தவருக்கு ஊசி கிடைத்தது. பட்டன் போன் வைத்திருந்த கட்டடத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. கருவி நல்லவர் கையில் இருந்தாலும், போட்டி வேகத்தில் நடந்தால் வேகம் இல்லாதவர் தோற்கத்தான் செய்வார்.

ஆகவே நான் போடும் கோடு இது: இடம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, பிடித்து வைத்து விற்பது வேறு. முதலாவதை அரசே செய்து தர வேண்டும். இரண்டாவதை விதியால் அர்த்தமில்லாததாக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தால் தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். வெப்டிரைவர் தரநிலையிலேயே ஒரு நேர்மையான ஏற்பாடு உண்டு. தானியங்கியாக ஓடும் உலாவி, 'என்னை நிரல் ஓட்டுகிறது' என்று இணையதளத்திடம் சொல்லும் ஒரு அடையாளம். என்னைப் போன்ற சோதனைப் பொறியாளர்கள் அதை மறைப்பதில்லை. மறைக்கத் தேவையும் இல்லை. ஸ்லாட் பிடிப்பவர் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறார். கேப்ட்சா வைத்தால், அதைத் தீர்த்துக் கொடுக்க சில பைசாவுக்கு ஆள் வைத்திருக்கும் சேவைகள் உண்டு. கடைசியில் கேப்ட்சாவில் மாட்டுபவர் யார்? பார்வை குறைந்தவர், வயதானவர், மெதுவாகத் தட்டுபவர். வேலி பயிரைத்தான் மேய்கிறது.

பந்தயத்தை நிறுத்துங்கள்

வேகத்துக்குப் பரிசு கொடுத்தால் வேகமானவன்தான் ஜெயிப்பான். பாட்டைவிட வேகமான மனிதன் இல்லை. அப்படியென்றால் வேகத்துக்கான பரிசை எடுத்துவிட வேண்டியதுதான்.

இதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் ஆன்லைனில் முந்துபவருக்கு. திறந்தவுடன் தீர்ந்துவிடும். அதே தேவஸ்தானம் சில ஆர்ஜித சேவைகளுக்கு மின்னணுக் குலுக்கல் நடத்துகிறது. பதிவு செய்ய இரண்டு நாள் அவகாசம். முதல் நிமிடத்தில் பதிந்தாலும் கடைசி நிமிடத்தில் பதிந்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். அங்கே பாட்டின் வேகத்துக்கு மதிப்பே இல்லை. லண்டன்காரர்களுக்குச் சொல்வதென்றால், விம்பிள்டன் டென்னிஸ் டிக்கெட்டுக்கு 1924 முதல் பொதுக் குலுக்கல் நடக்கிறது.

'ஒரே ஆள் ஆயிரம் பெயரில் குலுக்கலில் கலந்துகொள்வாரே?' நியாயமான கேள்வி. ஆனால் டிரைவிங் டெஸ்ட்டில் ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு பிராவிஷனல் லைசென்ஸ் எண் இருக்கிறது. புதிதாக ஆதார் மாதிரி எதையும் உருவாக்க வேண்டாம். ஒரு எண்ணுக்கு ஒரு விண்ணப்பம், விரும்பும் மூன்று சென்டர்கள், வசதியான நாட்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒதுக்கீடு. கிடைக்காதவருக்கு அடுத்த வாரம் முன்னுரிமை கூடும். யாராவது ரத்து செய்தால், அந்த இடம் தளத்தில் பகிரங்கமாக விழாமல் வரிசையில் அடுத்தவருக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் இப்படித்தானே நடக்கிறது?

இதிலும் குறை உண்டு. தயாராகாதவர்களும் முன்கூட்டியே வரிசையில் நுழைவார்கள். தேதி நம் கையில் இருக்காது. மறுக்கவில்லை. ஆனால் இப்போது மட்டும் தேதி யார் கையில் இருக்கிறது?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வரிசையை எவ்வளவு நியாயமாக அமைத்தாலும் அது நீளத்தைக் குறைக்காது. 2021 முதல் 19 முறை ஆள்சேர்ப்பு நடத்தியும் தேர்வாளர்கள் எண்ணிக்கை 83 மட்டுமே கூடியது, இலக்கு 400 என்று அதே தணிக்கை அறிக்கை சொல்கிறது. சம்பளம் பத்தவில்லை என்று வந்தவர்களும் போகிறார்கள். தேர்வாளர் போதாமல் இருக்கும் வரை பஞ்சம் இருக்கும். பஞ்சம் இருக்கும் இடத்தில் பதுக்கல்காரன் இருப்பான். நேற்று அவன் கையில் அரிசி மூட்டை, இன்று பைத்தான் நிரல்.

நாம் என்ன செய்யலாம்?

டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகம் தெரியாத வாட்ஸ்அப், டெலிகிராம் ஆட்களிடம் உங்கள் லைசென்ஸ் எண்ணையும் தியரி சான்றிதழ் எண்ணையும் கொடுக்காதீர்கள். அந்த எண் கையில் இருந்தால் அவர்கள் உங்கள் பெயரிலேயே ஒரு இடத்தைப் பிடித்துவைக்க முடியும். அதன் பிறகு நீங்களே நேராகப் பதிவு செய்யப் போனால் 'ஏற்கெனவே பதிவு உள்ளது' என்று வரும். பணம் போவது ஒரு பக்கம், உங்கள் வரிசையும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஏற்கெனவே ஒரு தேதி இருந்தால், அரசுத் தளத்திலேயே உள்நுழைந்து முந்தைய தேதிக்கு மாற்ற முயலுங்கள். மாற்றவோ ரத்து செய்யவோ 10 வேலை நாட்களுக்கு முன்பே செய்யாவிட்டால் கட்டணம் போய்விடும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

லண்டன் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணினி தெரியாத பெற்றோருக்குப் பதிவு செய்து கொடுத்தாலே பல புரோக்கர்களின் கடை காலியாகும். தொகுதி எம்பிக்கு எழுதும்போது 'பாட்டைத் தடை செய்யுங்கள்' என்று மட்டும் எழுதாமல், 'காலை 6 மணி பந்தயத்தை நிறுத்திவிட்டு வரிசைப் பட்டியலைக் கொண்டுவாருங்கள், 2018 டிக்கெட் விதியை அரசுச் சேவைகளுக்கும் நீட்டியுங்கள்' என்று எழுதுங்கள்.

என் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடேன், பங்கு தர்றேன்' என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த நிரல் நாற்பது வரிதான், எழுதுவது சுலபம். ஆனால் அது பிடிக்கும் ஒவ்வொரு இடமும், காலை 7 மணிக்கு யாரோ ஒரு முதியவரின் வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம்.